மலைவாழ்வும் பிசியோதெரபியும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். மருத்துவமனையிலும், வீடு தேடிப் போகும் இடங்களிலும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சமவெளிக்காரர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளில் பல நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. "தினமும் அரை மணி நேரம் சமதளத்தில் நடக்கவும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் சமதளத்துக்கு நாம் எங்கே போவது? வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம் அல்லது இறக்கம். அதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் என்பவர் மசாஜ் செய்பவரா?

இல்லை. உடலின் அசைவு எங்கே, எதனால் தடைப்பட்டிருக்கிறது என்று சோதித்துப் பார்த்து, அதை மீட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. தசை, மூட்டு, நரம்பு மட்டுமல்லாமல் நுரையீரலும் இதயமும்கூட இதில் அடங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவதும், மாரடைப்புக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று படிப்படியாக உயர்த்துவதும், பிறந்த குழந்தையின் வளைந்த பாதத்தைக் கவனிப்பதும் இந்தத் துறையில் வருகின்றன. கையால் செய்யும் சிகிச்சை உண்டு. ஆனால் அது ஒரு பகுதிதான். மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் எங்கள் வேலை அல்ல.

தமிழ்நாட்டில் இதற்கான பட்டப்படிப்பு, மருத்துவமனைப் பயிற்சியும் சேர்த்து நான்கரை ஆண்டு என்ற அளவில் நடந்து வந்திருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபிஸ்டுகளையும் உள்ளடக்கியது. சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு மெஷின் வாங்கி வைத்திருப்பவரும் இதே பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதுண்டு. ஆகவே என்ன படித்தார் என்று கூசாமல் கேளுங்கள்.

இது புதிதாக வந்த வைத்தியமா? எங்கள் தாத்தா காலத்தில் கேள்விப்பட்டதே இல்லையே?

1950களின் தொடக்கத்தில் பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, கை கால் விளங்காமல் போன குழந்தைகளைத் தேற்றுவதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1953இல் அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரியது. அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. அவருக்குக் கை அறுவையைக் கற்றுக்கொடுத்த பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். அறுவைக்குப் பிறகு அந்த விரல்கள் மறுபடி ஒரு டம்ளரைப் பிடிக்கப் பழகியது பிசியோதெரபிஸ்டுகளின் உழைப்பால்.

டாக்டரைப் பார்க்காமல் நேராக உங்களிடம் வரலாமா?

சாதாரண கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலிக்கு வரலாம். பயிற்சி பெற்ற எவரும் முதலில் ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்து போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போவது, காலில் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை அவசர நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு வரும் வலி, படுத்தாலும் புரண்டாலும் குறையாத இரவு வலி ஆகியவை இருந்தாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்துக் கொட்டினால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து எங்களைத் தேடி வர வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

முதல் நாள் என்ன கேட்பீர்கள்?

நான் முதலில் கேட்பது: ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? கழிப்பறை உள்ளேயா வெளியேயா? தண்ணீர் எங்கிருந்து தூக்கி வருகிறீர்கள்?

சிலர் முகம் சுளிக்கிறார்கள். முழங்காலைக் காட்ட வந்தால் இவர் வீட்டைப் பற்றி விசாரிக்கிறாரே என்று தோன்றுகிறது. ஆனால் சிகிச்சையின் எல்லையை இந்தப் பதில்கள்தான் சொல்கின்றன. கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் லிஃப்ட்டோடு இருப்பவருக்கு முழங்கால் மடங்கும் அளவு கொஞ்சம் குறைந்தாலும் வாழ்க்கை ஓடிவிடும். ஹட்டியின் (படுகர் ஊரின்) மேல் வரிசையில் இருப்பவருக்கோ, தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) இருப்பவருக்கோ ஓடாது. நாற்பது படி ஏறித்தான் வீடு என்றால், நாற்பது படி ஏறி இறங்கும் வரை என் சிகிச்சை முடியவில்லை என்று பொருள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நன்றாக நடக்கிறார் என்பதை வைத்து நான் யாரையும் அனுப்பிவிடுவதில்லை.

பிறகுதான் கையும் காலும் எவ்வளவு அசைகின்றன, எந்தத் தசைக்கு எவ்வளவு பலம், எந்த அசைவில் வலி வருகிறது என்ற சோதனை. எழுந்து நடந்து காட்டச் சொல்வேன். நடையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். தோளும் இடுப்பும் விட்டுப்போகின்றன. வேலையை விடவும் முடியாது. என்ன செய்வது?

இந்த மாவட்டத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. வேலையை விடச் சொல்லும் அறிவுரை யாருக்கும் உதவாது. ஆகவே வேலையை உடலுக்கு ஏற்றபடி எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

இரண்டு கைகளும் நாள் முழுக்க உடலுக்கு முன்னே நீட்டியபடியே இருக்கின்றன. தலை குனிந்தே இருக்கிறது. கொழுந்து வெட்டும் கத்தரி வந்த பிறகு விரல்களுக்குச் சுமை குறைந்தாலும், நிரம்ப நிரம்பக் கனக்கும் கத்தரியைத் தாங்குகிற தோளுக்கும் முழங்கைக்கும் சுமை கூடியிருக்கிறது. கத்தரியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வெட்டுகிறவர்களுக்குத் தோள் சீக்கிரம் பழுதாகிறது. முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்படி செடிக்குப் பக்கத்தில் போய் நின்று வெட்டுங்கள். சேர்ந்த கொழுந்தைக் கத்தரியிலேயே வைத்துக்கொண்டு நிற்காமல் அடிக்கடி பைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது நிற்கும் விதம். சரிவில் பக்கவாட்டில் நிற்கும்போது மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கியும் பள்ளத்துக் கால் விறைத்தும் இருக்கும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரே பக்கமாக நிரை (செடி வரிசை) பிடித்துப் போகிறவருக்கு மாலையில் ஒரே பக்க இடுப்பு வலிப்பது இதனால்தான். முடிந்தால் அடுத்த நிரையை எதிர்ப்பக்கம் பார்த்துப் பிடியுங்கள். இதை மேஸ்திரியிடம் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பறிக்கும் அளவு இதனால் குறையாது.

மூட்டையைத் தலையில் ஏற்றும் நொடிதான் கழுத்துக்கு ஆபத்தானது. தனியாகத் தூக்காதீர்கள். இருவர் தூக்கி ஏற்றிவிடட்டும். எடை போடும் இடத்துக்குப் போகும் வழி இறக்கமும் சேறுமாக இருந்தால் பாதி பாதியாக இரண்டு நடை போவது மேல்.

தேநீர் இடைவேளையில் செய்ய இரண்டு பயிற்சிகள் போதும். மரத்திலோ கம்பத்திலோ முன்கையை ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளி இருபது எண்ணும் வரை நிற்பது. கைகளை இடுப்பில் வைத்துப் பின்னால் மெல்ல வளைவது. வீட்டுக்கு வந்தபின் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பலப் பயிற்சி. பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்தாலே போதும். விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்த வசதி என்பது காய்ச்சல் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. உடலை வைத்து நடக்கும் தொழிலில் தோளும் இடுப்பும் தேய்வது தொழில் சார்ந்த நோய்தான். தோட்ட மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

முதுகு பிடித்துக்கொண்டால் படுத்தே இருக்க வேண்டுமா? பெல்ட் போடலாமா?

ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலேயே கிடக்க வேண்டாம். படுக்கப் படுக்கத் தசை பலமிழக்கும், வலி நீடிக்கும். திடீரென்று வரும் முதுகு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடுகிறது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதபோது உடனே ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. நடுவயதில் ஸ்கேன் எடுத்தால் பலருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) தேய்ந்திருப்பது தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பயந்து குனியவே மறுப்பவர்களைத் தேற்றுவது சில நேரம் வலியைவிடக் கடினமாக இருக்கிறது.

பெல்ட்டை மூட்டை தூக்கும் நேரத்தில் சில நாள் போடலாம். பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

முழங்கால் தேய்மானம். ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது உயிர் போகிறது. ஏன்?

சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்தம் விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கு வரை போகிறது. இறக்கத்தில் உடலைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தும் வேலை தொடையின் முன்பக்கத் தசையுடையது. அது பலமிழந்திருந்தால் அதிர்ச்சி முழுவதும் மூட்டில் இறங்கும்.

ஆகவே மருந்து எங்கே இருக்கிறது என்றால் தொடையில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது மெதுவாக, மூன்று எண்ணியபடி. இறங்குவதற்கான பயிற்சியே இந்த மெதுவான உட்காரல்தான். பிறகு தாழ்ந்த ஒரு படியில் நின்று ஒரு காலை மெல்லக் கீழே வைத்துத் திரும்ப எடுப்பது. மூட்டு தேய்ந்துவிட்டதே, பயிற்சி செய்தால் இன்னும் தேயாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேயாது. முழங்கால் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான் என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன.

படியில் ஒரு விதி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அப்போது எடை முழுவதும் அந்தக் காலிலேயே சாய்கிறது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்கள் இப்படித்தான் இறங்குகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் வலி கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். காலையில் எழுந்தவுடன் வெளியே போகாமல், கம்பளிக்குள்ளேயே காலை இருபது முறை மடக்கி நீட்டிவிட்டு எழுந்திருங்கள்.

கரண்ட் வைத்தால்தானே குணமாகும்? அது வைக்காமல் பயிற்சி மட்டும் சொல்கிறீர்களே?

மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் போன்றவை வலியைக் கொஞ்ச நேரம் குறைக்கும். அந்த நேரத்தில் பயிற்சி செய்வது எளிதாகும் என்பதற்காகவே பயன்படுத்துகிறோம். தசைக்குப் பலம் கொடுப்பதும், இறுகிய மூட்டை நெகிழ வைப்பதும் உங்கள் அசைவுதான். பத்து நாள் பஸ் ஏறி வந்து மெஷினுக்குக் கீழே படுத்திருந்துவிட்டு, வீட்டில் ஒரு பயிற்சியும் செய்யாமல் போனால் பஸ் கட்டணம் வீண். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: மெஷினை மட்டும் வைத்து அனுப்புகிற இடத்தை மாற்றுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி என்ன?

முதலில் ஒரு வார்த்தை, இன்னும் பக்கவாதம் வராத வீடுகளுக்கு. முகம் கோணுவது, கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்பிவிட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் வளைவிலேயே போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம், தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று தாமதித்ததால் வாழ்நாள் முழுக்கக் கையை இழந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இனி உங்கள் அப்பாவைப் பற்றி. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் மிகையாக எழுப்பி நடக்க வைப்பது நல்லதல்ல என்று 2015இல் வெளியான, ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அதன் பிறகு, உடல் நிலை சீரானதும், குறைந்த நேரமாகப் பலமுறை உட்காரவும் எழவும் பழக்க வேண்டும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த மாதங்களை ஓய்வு என்று வீணாக்கிவிடாதீர்கள். ஆறு மாதம் கடந்துவிட்டால் இனி ஒன்றும் ஆகாது என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். வேகம் குறையும், முன்னேற்றம் நின்றுவிடாது.

வீட்டில் நடக்கும் பெரிய சேதம் தோளில். பெரும்பாலான வீடுகளில் அப்பாவை எழுப்ப மகன் முன்னால் நின்று விளங்காத கையைப் பிடித்து இழுக்கிறார், அல்லது இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குகிறார். தசை தளர்ந்த தோளில் எலும்பு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இழுத்தால் இன்னும் நழுவும். மூன்றே வாரத்தில் தொட்டாலே அலறும் வலி வந்துவிடும். பிறகு எந்தப் பயிற்சிக்கும் அந்தக் கையைத் தர மாட்டார்.

சரியான முறை இது. அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதங்களும் தரையில் பதியும்படி முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். பலவீனமான முழங்காலை உங்கள் முழங்காலால் அணைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு துண்டையோ பெல்ட்டையோ கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மூக்கு கால் விரலுக்கு மேலே வரட்டும் அப்பா" என்று சொல்லி முன்னால் குனிய வையுங்கள். எடை பாதத்துக்கு வந்ததும் அவரே எழும்புவார். நீங்கள் தூக்கவே வேண்டியதில்லை. படுத்திருக்கும்போது விளங்காத கைக்குக் கீழே தலையணை. உட்கார்ந்திருக்கும்போது மடியிலோ மேசையிலோ கை தாங்கப்பட்டிருக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது.

அவரோடு பேசும்போது விளங்காத பக்கத்திலிருந்து பேசுங்கள். டம்ளரை அந்தப் பக்கம் வையுங்கள். வேறு ஒரு செலவும் இல்லாத பயிற்சி இது. எல்லாவற்றையும் நீங்களே ஊட்டி உடுத்திவிடாமல், ஒரு பொத்தானையாவது அவர் போடும் வரை காத்திருங்கள். அன்பு மிகுதியால் நோயாளியை முடக்கிவிடும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

சக்கர நாற்காலி வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். படிகள் நிறைந்த வீட்டில் அது மூலையில் மடங்கிக் கிடக்கும். அந்தப் பணத்தில் வாசற்படி ஓரமாக இரும்புக் குழாயில் கைப்பிடி போடுவது பல வீடுகளில் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

கோயம்புத்தூரில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு வந்துவிட்டேன். அடிக்கடி போய்வர முடியாது.

போய்வர வேண்டியதில்லை. ஆனால் கிளம்பும் முன் அங்கிருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சிகளை எழுதி வாங்கி, படி ஏறி இறங்கியும் காட்டிவிட்டு வாருங்கள். காரில் வரும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நில்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நொண்டல் போகாது. தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் யாரையும் உருவ விடாதீர்கள். இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம்; உருவினால் அது நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கலாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கட்டு பிரித்த பிறகு வரட்டுமா?

இப்போதே வாருங்கள். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல், முழங்கை, தோள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டே இருந்தவர்களுக்குக் கடைசியில் மணிக்கட்டு சரியாகித் தோள் இறுகிப்போவதைப் பார்க்கிறோம்.

குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. பாட்டி "சில பிள்ளைகள் மெதுவாகத்தான்" என்கிறார்.

நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காரவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவதும், கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்வதும்கூட அறிகுறிகள். அரசின் சிறார் நலத் திட்டத்தில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இதற்காகவே இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் பயிற்சி கிடைக்கிறது.

வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்கு வாரம் ஒரு மாவுக்கட்டாகச் சில வாரங்கள் போட்டு, பெரிய அறுவை இல்லாமலேயே நேராக்கிவிட முடிகிறது. இந்த முறைக்குப் பொன்செட்டி முறை என்று பெயர். பாதம் நேரானதும் பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் கெட்டுப்போகிறது. பிறகு இரவு நேரத்தில் நான்கு வயது வரையாவது விசேஷக் காலணி போட்டாக வேண்டும். குழந்தை முதல் வாரம் அழும், பிறகு பழகிவிடும்.

அரிவாள் செல் நோய்க்கும் பிசியோதெரபிக்கும் என்ன தொடர்பு?

இந்தியாவில் இந்த நோயின் மரபணுக் கூறு முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் பணியர், குறும்பர் குடும்பங்களில் இதை இன்றும் பார்க்கிறோம். இரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து சிறு குழாய்களை அடைப்பதால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போகாமல் அது சிதைவதுண்டு. இளைஞர் ஒருவர் இடுப்பு வலி என்று நொண்டி நொண்டி வந்தால், அவர் இந்த நோய் உள்ள குடும்பம் என்றால், எக்ஸ்ரே எடுக்காமல் பயிற்சி தொடங்குவது தவறு. கடும் வலி வரும் நாட்களில் பயிற்சி வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, உடலைச் சூடாக வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி தணிந்த பிறகு இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்துவதும், ஊன்றுகோலால் எடையைக் குறைப்பதும் எங்கள் வேலை. குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் குளிப்பதே இவர்களுக்கு வலியைத் தூண்டிவிடும். கூடலூரில் 1990 முதல் பழங்குடி மக்களுக்காக இயங்கும் அஸ்வினி அமைப்பின் மருத்துவமனை இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது.

மூச்சு வாங்குகிறது. அதற்குமா பயிற்சி?

ஆம். விறகடுப்புப் புகையில் பல காலம் சமைத்தவர்களுக்கும் பீடி குடித்தவர்களுக்கும் நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதுங்கள். ஏற்றத்தில் இரண்டு அடிக்கு இழுத்து நான்கு அடிக்கு ஊதுவது என்று காலோடு மூச்சைச் சேர்த்துக்கொண்டால் நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். கால் தசை பலமானால் அதே ஏற்றத்துக்குக் குறைந்த மூச்சே போதும். இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

இருமினால், மூட்டை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பெண்களில் மிகப் பலருக்கு இருக்கும் தொல்லை இது. பிரசவத்துக்குப் பிறகு சில வாரம்கூட ஓய்வில்லாமல் சுமை தூக்கப் போனவர்களுக்கு இன்னும் அதிகம். வீட்டில் சொல்லாமல் துணி வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டு, வெயிலிலும் குளிரிலும் தோட்டத்தில் நின்று சிறுநீர்த் தொற்று வரவழைத்துக்கொள்கிறார்கள். இது பெண்ணாய்ப் பிறந்ததன் விதி இல்லை. சரிசெய்யக்கூடிய தசைக் குறைபாடு.

சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. இருமுவதற்கும் சுமை தூக்குவதற்கும் ஒரு நொடி முன்னால் அந்தத் தசையை இறுக்கப் பழகுங்கள். கர்ப்பப்பை இறங்கியது போலத் தோன்றினால் மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். பெண் பிசியோதெரபிஸ்ட்தான் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் வெளியே விடுவதில்லை. சரிதானே?

பயம் புரிகிறது, ஆனால் உட்கார வைப்பதுதான் விழ வைக்கிறது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் நடப்பது ஆகியவை சமநிலையை மீட்கும். மழைக்காலத்தில் வாசற்படியின் பாசியைத் தேய்த்துவிடுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள்.

பயிற்சி செய்தால் வலிக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

தாங்கக்கூடிய வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மின்னல் போல வெட்டும் வலி, மரத்துப் போவது, மூட்டு வீங்குவது ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். பலம் கூடியது தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நான்காம் நாளே பலன் இல்லை என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

என் மகள் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறாள். மலையில் வேலை கிடைக்குமா?

படிக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். சென்னை கே.கே. நகரிலும் திருச்சியிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்தவர்கள் நகரத்திலேயே தங்கிவிடுகிறார்கள், வெளிநாட்டுக்கும் போகிறார்கள். படுக மொழியில், பணியர் பேச்சில் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்கத் தெரிந்தவர்கள் இங்கே மிகவும் தேவை.

அரசு சேவை எங்கே கிடைக்கிறது? வீட்டுக்கே வருவார்களா?

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிஸ்ட் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராமச் செவிலியரிடமோ பெயர் கொடுங்கள்.

நம் மாவட்டத்தின் வட்டாரங்கள் ஒவ்வொன்றிலும் குடியிருப்புகள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. வருகிறவர் உங்கள் வீட்டுக்கு நாள்தோறும் வர இயலாது. ஆகவே அவர் வரும் நாளில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லி, பிறகு நீங்கள் அவர் எதிரில் செய்து காட்டுங்கள். செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை கொடுத்த சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே வருவதாக இருந்தால், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸையோ செருப்பையோ போட்டுக்கொண்டே வாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.